நாகநாதனும் மாமியாரின் உள்ளங்காலும்

பினாங்குத் தீவில் பாதிப் பேரை அறிந்திருந்தும் ஒருவருடைய முகத்தையும் அறியாத பெருமை நாகநாதன் ஒருவருக்கே உரியது. சௌராஸ்தா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்பார். ஒரு பெண்மணி வந்து, "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்பார். நாகநாதன் மரியாதையாகவும் வெறுமையாகவும் சிரிப்பார். அந்த அம்மாள் பையைக் கை மாற்றும்போது முழங்கை தெரியும். உடனே இவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிடும்.

"அடடே, அக்கா நீங்களா! எவ்வளவு அழகா ஆறியிருக்கு லா!"

மீன்காரன் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். அந்த அம்மாளோ பெருமை தாங்காமல் மற்ற முழங்கையையும் காட்டுவார்.

பர்மா சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த டாக்டர் கூவின் தோல் கிளினிக்கில் நாகநாதன் படம் எடுப்பவர். தேமல், படை, கரப்பான், மச்சம், மரு என்று மனிதத் தோல் எத்தனை விதமாக முறைத்துக்கொள்ளுமோ அத்தனையையும் பக்கத்தில் ஒரு சிறு அளவுகோல் வைத்து எடுப்பார். அடுத்த முறை நோயாளி வரும்போது மறுபடி எடுப்பார். இரண்டையும் வைத்துப் பார்த்து, வளர்ந்திருக்கிறதா, வாடியிருக்கிறதா என்று டாக்டர் முடிவு சொல்வார்.

இது கௌரவமான தொழில் என்பதில் நாகநாதனுக்கு ஐயமில்லை. ஐயம் முழுவதும் அவருடைய மாமியார் நல்லம்மாவிடம் குவிந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி, ரயில்வே குமாஸ்தா கனகசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் பினாங்கு வந்தவர் அவர். அவருடைய கணக்கில் மருமகன் என்ற பிறவி மூன்று வகைப்படும்: டாக்டர், எஞ்சினியர், வக்கீல். மகள் புஷ்பராணி பிடித்த பிடியில் நின்று ஒரு நான்காம் வகையைக் கொண்டுவந்து சேர்த்தபோது, அந்த அம்மாள் சமூகத்துக்காக ஒரு சொற்றொடர் செய்துகொண்டார்.

"எங்கட மருமகன் மெடிக்கல் லைன்."

சொல்லி முடித்ததும் யாரும் அடுத்த கேள்வி கேட்பதற்குள், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று எழுந்துவிடுவார். கெலுகோரில் அவருடைய வீட்டில் குடிக்கப்பட்ட தேநீரில் பெரும்பகுதி இந்தக் காரணத்தால் குடிக்கப்பட்டதுதான்.

நாகநாதன் இந்த லைனுக்கு வந்ததே ஒரு விபத்து. எழுபதுகளில் அவர் சூலியா தெருவில் முகம்மது சுல்தானின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கல்யாணம், பாஸ்போர்ட், ஹஜ் பயணம் என்று முகங்களாக எடுத்துத் தள்ளிய காலம் அது. மணப்பெண்ணின் மூக்கு நுனியில் விளக்கு பட்டுப் பளபளப்பதுதான் அவருடைய பரம எதிரி. பவுடர் போடுவார், விளக்கைத் திருப்புவார், மாப்பிள்ளைக்குக் கொட்டாவி வரும்வரை காத்திருந்து பளபளப்பை ஒழித்த பிறகே பொத்தானை அமுக்குவார். ஒருநாள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த டாக்டர் கூ, படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். தன் கன்னத்தில் இருந்த ஒரு சின்ன வடு அதில் தெரிந்ததைக் கண்டு, வேறு யாராக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பார். அவரோ, "மிஸ்டர் நாகா, என் கிட்ட வேலைக்கு வாங்க" என்றார்.

முதல் மாதம் கொஞ்சம் சிரமப்பட்டது உண்மை. பழக்க தோஷத்தில், ஒரு முழங்காலை நோக்கி, "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட்டார். நோயாளிகளும் குறைந்தவர்கள் இல்லை. முதுகில் இருக்கும் படையைக் காட்ட வருகிற பெண்கள் தலையில் பூ வைத்து, பவுடர் பூசி, சங்கிலி மாற்றி வந்தார்கள். நாகநாதன் யாரையும் கேலி செய்யவில்லை. முதுகை எடுக்கும்போதும் முந்தானையைச் சரிசெய்யச் சொன்னார். ஒவ்வொரு படையும் அவரிடம் ஒரு மணப்பெண்ணுக்குரிய மரியாதையைப் பெற்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாக்டர் கூ வெளிநாட்டிலிருந்து ஒரு கருவி வரவழைத்தார். பார்வைக்கு டார்ச் லைட்டின் தம்பி. நுனியில் ஒரு கண்ணாடித் தட்டு, உள்ளே ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. மச்சத்தின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு, கண்ணாடியை அதன்மேல் அழுத்திப் பார்த்தால், தோலின் மேற்பரப்பு விலகி உள்ளே இருக்கும் நிறம் தெரியும். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். கெட்ட மச்சமா, நல்ல மச்சமா என்று வெட்டாமலே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். எண்ணெய் எதற்கு என்று டாக்டர் விளக்க வாயெடுத்தார். நாகநாதன் கையை உயர்த்தினார்.

"பளபளப்பு போறதுக்கு. தெரியும் டாக்டர். நான் மூக்கு நுனியில பட்ட பாடு அது."

கூடவே கேமராவில் மாட்டும் ஒரு லென்ஸும் வந்தது. அதுவும் தோலின்மேல் அழுத்தி வைப்பதுதான். தூரம் மாறாததால் தெளிவு பார்க்கும் வேலையே இல்லை.

பினாங்கு மக்கள் இந்த விஞ்ஞானத்தைத் தங்கள் வழியில் புரிந்துகொண்டார்கள். ஹபீபா பீவி என்ற அம்மாள் கன்னத்து மச்சத்தைக் காட்ட வந்தார். எண்ணெய் விட்டு, விளக்கு வைத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மறு வெள்ளிக்கிழமை மறுபடி வந்து நின்றார்.

"விளக்கு வெச்ச பொறவு தலவலி இல்ல தம்பி. இன்னொரு வாட்டி வைங்க."

அதற்கடுத்த வாரம் இரண்டு நாத்தனார்களோடு வந்தார். டாக்டர் கூ தலையில் கை வைத்தார். நாகநாதன்தான் தடுத்தார். "வரட்டும் டாக்டர். விளக்குக்குன்னு வந்தாதான் இவங்க தோலைக் காட்டுவாங்க. சும்மா காட்டுன்னா காட்டுவாங்களா?" அப்படித்தான் 'எண்ணெய் விளக்கு வைத்தியம்' ஜார்ஜ் டவுனில் பரவியது. எந்த மருத்துவ இதழும் அதைப் பதிவு செய்யவில்லை.

ஆனால் எல்லாப் படமும் சிரிப்பாக முடிவதில்லை. சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலைக் காவலாளியாக இருந்த வேலு, உள்ளங்காலில் கறுப்பாக ஏதோ கண்டும், பூட்ஸ் கடித்த ரத்தக்கட்டு என்று நினைத்து ரொம்ப நாள் நடந்துவிட்டார். வந்தபோது நேரம் கடந்திருந்தது. நாகநாதன் அந்தக் காலை ஒவ்வொரு முறையும் எடுத்தார். பிறகு ஒருநாள் வேலுவின் மனைவி தனியாக வந்தார். சட்டம் போட்டு மாட்ட நல்ல படம் ஒன்றும் வீட்டில் இல்லை, இங்கே எத்தனையோ எடுத்தீர்களே, ஒரு முகப்படம் கிடைக்குமா என்று கேட்டார். நாகநாதன் இழுப்பறை முழுக்கத் தேடினார். எல்லாம் கால். அன்றிலிருந்து எந்த நோயாளி வந்தாலும் முதலில் முகத்தை ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் மற்றதை எடுப்பார்.

இப்படி இருக்கையில் கனகசுந்தரத்துக்கு அறுபது நிறைந்தது. கோயில் மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம். பெற்றோரின் பாதங்களைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவிப் பூசை செய்யும் பொறுப்பு மகளுக்கும் மருமகனுக்கும் வந்தது. புஷ்பராணி தண்ணீர் ஊற்ற, நாகநாதன் கழுவினார். மாமனாரின் கால் சிக்கலில்லாமல் முடிந்தது. மாமியார் இடது காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தபோது, குதிகாலுக்குச் சற்று முன்னே, உள்ளங்காலில் ஒரு கறுப்பு கண்ணில் பட்டது.

நாகநாதன் காலைக் கையில் ஏந்தினார். அழுக்காக இருக்குமோ என்று தேய்த்தார். போகவில்லை. விளிம்பு ஒரு பக்கம் கூர்மையாகவும் ஒரு பக்கம் மை கசிந்தது போலவும் இருந்தது. ஓரிடம் அடர் கறுப்பு, ஓரிடம் வெளிறிய பழுப்பு. ஐயர் மந்திரத்தை முடித்து, அடுத்ததற்குப் போய், அதையும் முடித்துவிட்டுக் காத்திருந்தார். நாகநாதன் காலை விடவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர் கண்முன் இருந்தது சிம்பாங் அம்பாட் வேலுவின் கால்.

மண்டபம் அதை வேறுவிதமாகப் படித்தது.

"பாருங்கோ, மாமியின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு அழுறார்!" என்றார் கோயிலில் நல்லம்மாவின் போட்டிக்காரரான பத்மாவதி அக்கா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. "என்ர வீட்டிலயும் ஒரு டொக்டர் மருமகன் இருக்கிறார். காலைத் தொடச் சொன்னா கையுறை கேப்பார்."

நல்லம்மா தலை நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்மாவதியின் டொக்டரைத் தன் நான்காம் வகை தோற்கடித்த நாள் அது. மறுநாளே நண்டுக்கறி வந்தது. அதற்கு மறுநாள் ஒடியல் கூழ். கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக, "எங்கட மருமகன் போட்டோ எடுக்கிறவர்" என்று அந்த அம்மாள் வெளிப்படையாகச் சொன்னதாகவும், பின்னால் தேநீர் தரப்படவில்லை என்றும் தகவல் கிடைத்தது.

நாகநாதனுக்கு நண்டு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தப் பக்திப் பட்டம் பறிபோகும், அது போகட்டும். சொன்னால் மாமி கேட்பாரா என்பதுதான் பயம்.

"இஞ்சருங்கோ, அம்மா இவ்வளவு சந்தோசமா இருக்கிறப்ப எப்படிச் சொல்லுவீங்க?" என்றார் புஷ்பராணி.

"வேலுவோட சம்சாரமும் சந்தோசமாத்தான் இருந்தாங்க. பூட்ஸ் கடிச்சதுன்னு நெனச்சு."

ஞாயிற்றுக்கிழமை கெலுகோர் வீட்டுக்குப் போய், நின்றபடியே சொல்லிவிட்டார். நல்லம்மா கேட்டு முடித்து, இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நீங்கள் என்ர காலைக் கும்பிடேல்லை."

"கும்பிட்டேன் மாமி."

"கும்பிடேல்லை. வருத்தம் பாத்தனீங்கள்."

யாழ்ப்பாணத்துப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். நாகநாதன் தலை குனிந்தார். நல்லம்மா இப்போது வரிசையாகத் தீர்ப்பு வழங்கினார். அது மச்சம், அதிர்ஷ்ட மச்சம். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டும் யோகம் என்று ஊரில் சாத்திரி சொன்னார், தாண்டி வந்தாயிற்று. மச்சம் வளர்கிறதென்றால் யோகம் வளர்கிறது. தோலில் புற்றுநோய் என்பது வெயிலில் படுத்துக் கிடக்கும் வெள்ளைக்காரருக்கு வருவது. தான் ஒருநாளும் பத்துபெரிங்கிக் கடற்கரையில் படுத்ததில்லை.

"டாக்டர் கூ சொல்லுவார் மாமி, வெள்ளைக்காரனுக்கு முதுகில வரும், நம்ம மாதிரி ஆளுங்களுக்கு உள்ளங்காலிலதான் பாக்கணும்னு. யாரும் பாக்காத எடம் அதுதானே."

"வெட்டுவினம்."

"பாக்கறதுக்குக் கத்தியே கிடையாது. எண்ணெய் ஒரு துளி, விளக்கு, கண்ணாடி. என் மேல சத்தியம்."

"என்ன எண்ணெய்?"

கேள்வி வந்துவிட்டதென்றால் கதவு திறந்துவிட்டது என்று பொருள். பேச்சுவார்த்தை நீண்டது. கிளினிக்கின் எண்ணெய் கூடாது, தன் வீட்டு நல்லெண்ணெய்தான். டாக்டர் பார்க்கலாம். மருமகன் பார்க்கக் கூடாது. ஒருதரம் பார்த்தது போதும்.

"படம் எடுக்கணுமே மாமி."

"எடுங்கோ. பாக்காமல் எடுங்கோ."

அவ்வாறே நடந்தது. பட்டுச் சேலை கட்டி, கையில் எண்ணெய்ப் போத்தலோடு நல்லம்மா மாடிப்படி ஏறி வந்தார். முதலில் முகத்தை எடுக்க வேண்டும் என்றார் நாகநாதன்.

"காலுக்குத்தானே வருத்தம், முகம் என்னத்துக்கு?"

"வழக்கம் மாமி" என்றார். அவர் குரலில் எதுவோ இருந்திருக்க வேண்டும். நல்லம்மா பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

டாக்டர் கூ எண்ணெய்ப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "மிஞ்ஞாக் நல்ல வாசம்" என்று எண்ணெயைப் புகழ்ந்து, மரியாதையாக ஒரு துளி விட்டார். கருவியை அழுத்திக் கண் வைத்தார். எப்போதும் பார்த்துக்கொண்டே நகைச்சுவை சொல்கிறவர், இம்முறை அளவுகோலை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். பிறகு, "நாகா, படம்" என்றார்.

நாகநாதன் கேமராவை ஏந்தி, சுவரில் தொங்கிய நாட்காட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்து மச்சத்தின்மேல் லென்ஸை வைத்தார். தெளிவு பார்க்கத் தேவையில்லாத லென்ஸைச் செய்த அந்த வெளிநாட்டுக்காரன், ஒரு யாழ்ப்பாணத்து மாமியாரின் மானத்தைக் காப்பதற்கென்றே அதைச் செய்தானோ என்னவோ. பளபளப்பை ஒழிக்கப் பாதி வாழ்க்கையைச் செலவிட்ட கலைஞர், தன் வாழ்நாளின் மிக முக்கியமான படத்தைச் சீனப் புத்தாண்டு விடுமுறை என்றைக்கு என்று பார்த்தபடி எடுத்து முடித்தார்.

படச்சுருள் கழுவி ஸ்லைடாக வந்த அன்று நல்லம்மாவை மறுபடி அழைத்தார்கள். கனகசுந்தரமும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு நாகநாதன் புரொஜெக்டரைப் போட்டார். வாக்கு வாக்குதான் என்று சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். வெள்ளைச் சுவர் முழுக்க நல்லம்மாவின் உள்ளங்கால் விரிந்தது.

"உது என்ர காலோ?" என்றார் நல்லம்மா. "வயல் மாதிரிக் கிடக்கு."

டாக்டர் கூ ஒரு குச்சியால் சுட்டிக் காட்டிப் பேசினார். கால் தோல் வரிவரியாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகளின்மேல் வெள்ளைப் புள்ளிகளாக வேர்வைத் துளைகள் தெரியும். சாதாரண மச்சமென்றால் கறுப்பு பள்ளத்தில் ஓடும். ஜப்பானிய டாக்டர்கள் சிலர் இப்போது கவனித்துச் சொல்கிறார்கள்: கறுப்பு மேட்டில் ஏறிக் கிடந்தால் நல்லதில்லை. இங்கே மேட்டில் கிடக்கிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால்... அவர் நாகநாதனைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார்.

நாகநாதன் வாய் திறக்கவில்லை. கத்தி கிடையாது என்று சத்தியம் செய்த வாய் அது.

நல்லம்மா எழுந்து சுவரருகே போனார். தன் காலைத் தானே கிட்ட நின்று பார்த்தார். யாழ்ப்பாணத்துச் சங்கானையில் தகப்பனாரின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து வளர்ந்த பெண் அவர்.

"தண்ணி வாய்க்காலுக்குள்ளதான் ஓடோணும்" என்றார். விரலால் ஒரு கறுப்பு வரியைத் தொட்டார். "இது வரப்பில ஏறிட்டுது. பக்கத்துத் துண்டுக்கும் போகப் பாக்குது." பிறகு டாக்டரிடம் திரும்பி நேராகவே கேட்டார். "பீசாவ்?"

டாக்டர் கூ தலையசைத்தார். "பீசாவ், மாக்சிக். ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க."

பினாங்கில் எல்லாரும் அறிந்த மலாய் அது: பீசாவ் என்றால் கத்தி, மாக்சிக் என்றால் அத்தை. மொழிபெயர்க்க நாகநாதனுக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. முதுகைக் காட்டியபடியே, "சத்தியம் பண்ணிட்டேன் மாமி, மன்னிச்சிருங்க" என்றார்.

"பாக்கிறதுக்குக் கத்தி இல்லை எண்டுதானே சொன்னனீங்கள்? பாத்தாச்சு. இப்ப வெட்டிறது என்ர விருப்பம்." பிறகு, "திரும்புங்கோ தம்பி. கால் சுவரளவுக்கு வந்திட்டுது, இனி என்ன வெக்கம்?" என்றார்.

நாகநாதன் திரும்பினார். பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததை நல்லம்மாவும் பார்த்தார். மண்டபத்தில் பத்மாவதி அக்கா கண்ட அதே முகம். இது என்ன முகம் என்று இப்போது நல்லம்மாவுக்குத் தெரியும். "அழாதேங்கோ" என்றார். "படம் வடிவா வந்திருக்கு."

ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆழம் இறங்கியிருக்கவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் வைத்து ஒட்டினார்கள். நல்லம்மா நெடுநாள் கட்டோடு கிடந்து, மருமகன் கொண்டுவந்த சூப்பில் உப்பில்லை என்று தினமும் அறிவித்தார். எழுந்து நடந்ததும் முதல் வேலையாகக் கோயிலுக்குப் போய், வெள்ளிக்கிழமைப் பெண்களை மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்துக் காலைக் காட்டச் சொன்னார். காட்டத் தயங்கியவர்களிடம், "எங்கட மருமகன் உள்ளங்கால் எடுக்கிறதில ஸ்பெஷலிஸ்ட்" என்றார். அந்த வாரம் கிளினிக் மாடிப்படியில் பத்து ஜோடி செருப்பாவது கழற்றி வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். அவற்றில் பத்மாவதி அக்காவுடையதும் அவருடைய டொக்டர் மருமகனுடையதும் இருந்தன.

கனகசுந்தரத்தின் அடுத்த பிறந்தநாளுக்கு, பூசை என்று ஒன்றும் விதிக்கப்படாத நிலையில், நல்லம்மாவே பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வரச் சொன்னார். நாற்காலியில் அமர்ந்து, இடது காலை நீட்டினார். நாகநாதன் கீழே உட்கார்ந்து காலை ஏந்தி, தையல் தழும்பின் ஓரமாகச் சுற்றிலும், ஒட்டிய தோலின் விளிம்பிலும், விரலிடுக்கிலும் நிதானமாகப் பார்த்தார்.

"பாருங்கோ, அதே பக்தி!" என்று பின்னாலிருந்து பத்மாவதி அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"ஓம்" என்றார் நல்லம்மா, தலை நிமிர்ந்து. பிறகு குனிந்து, மருமகனுக்கு மட்டும் கேட்கும்படி, "வெளிச்சம் காணாது. கதவைத் திறந்துபோட்டு மற்றக் காலையும் பாருங்கோ" என்றார்.